தயாளினிக்கு எந்த வயலின்

போன கிழமை ஷாமினி தொலைபேசியில் அழைத்தாள். என்னிடம் வயலின் படித்தவள். இப்போது பாடசாலை ஒன்றில் சங்கீத ஆசிரியை.

“ரீச்சர், ஒன்பது வயசுப் புள்ளைக்கு முக்கால் வயலினா, அரை வயலினா? இன்ரநெற்றில வயசுக்கு வயசு அளவு போட்டு ஒரு அட்டவணை கிடக்கு. அதப் பாத்து வாங்கச் செல்லட்டா?”

“புள்ளயக் கூட்டிட்டு வா.”

“அது வாகரையில இரிக்கிற புள்ள, ரீச்சர். நீங்க கல்லாத்தில.”

“அப்ப நான் வாகரைக்கு வாறன்.”

அவள் சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. அடுத்த நாள் பஸ் நேரம் கேட்டு நானே அழைத்தபோதுதான் அவளுக்கு அது விளங்கியது. “ஒரு வயலின் எடுத்துக் குடுக்க இவ்வளவு கரைச்சலா?” என்று கேட்டாள். அதற்குத் தொலைபேசியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பெரியகல்லாற்றுக்காரி. யாழ்ப்பாணத்தில் நாலு வருடம் வயலின் படித்தேன். ராகம், தாளம், சங்கீத சரித்திரம் எல்லாம் அங்கே படிப்பித்தார்கள். ஒரு பிள்ளையின் கையில் எந்த வயலினைக் கொடுப்பது என்று மட்டும் ஒருவரும் சொல்லித் தரவில்லை. எங்கள் எல்லோருடைய கையிலும் இருந்தது முழு வயலின். வளர்ந்தவர்கள்தானே. பட்டத்தோடு ஊருக்கு வந்தபோது, எனக்குத் தெரியாதது எது என்றே எனக்குத் தெரியாது.

மட்டக்களப்பு நகரில், வாவிக்கரையோரமாக இருந்த ஒரு சங்கீதப் பள்ளியில் வேலை கிடைத்தது. வயலின் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் கனகசபை சேர். மெலிந்த மனிதர். வெள்ளைச் சேட்டின் பைக்குள் எப்போதும் தையற்காரரின் அளவு நாடா சுருட்டியபடி இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளையைக்கூட ‘நீங்க’ என்றுதான் கதைப்பார். பள்ளியின் வயலின்கள் அடுக்கியிருந்த அலுமாரிக் கதவில் அவருடைய கையெழுத்தில், கை நீளத்துக்கு வயலின் அளவு குறித்த ஒரு சிறிய மட்டை ஒட்டியிருந்தது. கடைசி வரி: ‘வளர்ந்தவர்களுக்கு முழு.’

வயலினில் முழு, முக்கால், அரை, கால் என்று அளவுகள் உண்டு. பெயரைக் கேட்டுவிட்டு, அரை வயலின் என்றால் நீளத்தில் பாதி என்று நினைக்கக் கூடாது. முழு வயலினுக்கும் அரை வயலினுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் நாலு விரற்கடைதான். அந்த நாலு விரற்கடைக்குள் ஒரு பிள்ளையின் தோளும் கழுத்தும் முதுகும் கெட்டுப்போகலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே இதை நான் கண்டுகொண்டேன், அதுவும் நிரோஷா என்ற பிள்ளையின் செலவில்.

நிரோஷாவுக்குப் பதினொரு வயது. வயதுக்கு மிஞ்சிய உயரம். சேர் அந்தக் கிழமை லீவில் இருந்தார். உயரத்தைப் பார்த்துவிட்டு நானே முழு வயலினை எடுத்துக் கொடுத்தேன். கெட்டிக்காரப் பிள்ளை. ஒரு நாளும் முகம் சுழிக்கவில்லை. மூன்று மாதம் கழித்து அவளுடைய அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றா.

“ரீச்சர், குறை செல்ல வரல்ல. ஆனா, இவள் கோயில்ல கும்பிடக்குள்ளயும் ஒரு தோள் மேல நிக்கிது. ஏனெண்டு பாருங்களன்.”

நான் பிள்ளையைத் திருப்பி நிறுத்திப் பார்த்தேன். இடது தோள் வலது தோளை விட உயர்ந்து, காதுப் பக்கமாக ஏறி இருந்தது. ஆள் உயரம், கை கட்டை. எட்டாத இடத்தை எட்டுவதற்காக மூன்று மாதமாக அவள் தோளைத் தூக்கி வைத்துப் பழகியிருக்கிறாள். நான் அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அவளைச் சேரிடம் கூட்டிப் போனேன். அவர் என்னை ஏசவில்லை. பாயை விரித்து, “பிள்ளை, நீங்க இதில இரிங்க” என்று சொல்லிவிட்டு, தன் மேசையில் எதையோ எழுதத் தொடங்கிவிட்டார். பத்து நிமிடம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அளக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளைகள் நிமிர்ந்து விறைத்து இருப்பார்கள். அந்த விறைப்பு இறங்கட்டும் என்று காத்திருக்கிறார் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

பிறகு வந்து எதிரில் அமர்ந்தார். வயதைக் கேட்கவில்லை. இடது கையை நீட்டச் சொல்லி, கழுத்தடியிலிருந்து உள்ளங்கை நடுவரைக்கும் நாடாவைப் பிடித்தார். ஒரு வயலினை எடுத்து, அகன்ற பக்கத்தை இடது நெஞ்சோடு சாய்த்து, சுருண்ட தலையை நீட்டிய வலது காலின் கணுக்காலில் வைத்தார். கையைக் கழுத்துப் பலகையின் நுனிக்குக் கொண்டுபோகச் சொன்னார். முழங்கை விறைத்து நீளவும் கூடாது, வயிற்றோடு ஒட்டவும் கூடாது. நுனியிலிருந்து அடிவரை பத்துத் தரம் கையை வழுக்கச் சொன்னார். அந்தப் பத்துத் தரமும் அவருடைய கண் பிள்ளையின் தோளிலேயே நின்றது. ஐந்து நிமிடம் அப்படியே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்.

“எங்க நோகுது?”

நிரோஷா யோசிக்காமல் தோளைத் தொட்டுக் காட்டினாள். ஒவ்வொரு வகுப்பிலும் நான் அவளிடம் ‘நோகுதா?’ என்று கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ‘இல்ல ரீச்சர்’ என்றிருக்கிறாள். அவர் ‘நோகுதா’ என்று கேட்கவில்லை, ‘எங்க’ என்று கேட்டார். அந்த ஒரு சொல்லை நினைத்து அன்று முழுக்க நான் மலைத்துப்போய் இருந்தேன்.

முக்கால் வயலினைக் கொடுத்து அனுப்பினோம். அவளுடைய தோள் இறங்க ஆறு மாதம் பிடித்தது. அதன் பிறகு அந்தப் பள்ளியில் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையையும் நான் பாயில் இருத்தித்தான் அளந்தேன். வருடங்கள் போகப் போக, வாசலில் செருப்பைக் கழற்றும் விதத்திலேயே கை நீளத்தைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு எண்ணமும் வந்துவிட்டது. அந்த எண்ணத்தை உடைத்தவள் தயாளினி.

சனிக்கிழமைகளில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வகுப்பு வைத்திருந்தோம். அதற்குத்தான் அவள் வந்தாள். என் ஊர்க்காரிதான், ஆனால் அதற்கு முன் எனக்குப் பழக்கமில்லை. முப்பதை நெருங்கிய வயது. முன்பள்ளி ஆசிரியை. பின்னேரங்களில் தகப்பனோடு இருந்து கிழிந்த வாவி வலைகளைப் பொத்துகிறவள். விரல்கள் தடித்து உறுதியாக இருந்தன.

சேர் அப்போது ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். வழக்கம்போலப் பாயில் இருத்தி, “கையை நீட்டுங்க” என்றார். அவளுடைய இடது முழங்கை பாதி மடிந்தபடியே நின்றது.

“இன்னும் கொஞ்சம்.”

“இவ்வளவுதான் சேர். இதுக்கு மேல கதவு பூட்டு” என்று சிரித்தாள்.

சுனாமியில் முறிந்த கை. முறிந்த எலும்பைப் பார்க்கக்கூடிய நிலையில் அன்று யாரும் இருக்கவில்லை. பார்த்தபோது அது மடிந்தபடியே பொருந்தி இறுகிவிட்டது.

சேர் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். எந்த வயலினையும் எடுக்கவில்லை. “வாய்ப்பாட்டு வகுப்பும் இதே நேரம்தான் நடக்குது. நல்ல குரல் உங்களுக்கு” என்றார்.

“வாய்ப்பாட்டுக்கு வந்திருந்தா ஓம் எண்டிருப்பன் சேர். நான் வயலினுக்கு வந்த நான்.”

“ஏன் வயலின்தான் வேணும்?” என்று நான் கேட்டேன்.

அவள் பாயின் கரையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“சுனாமிக்குப் பிறகு நாங்க பள்ளிக்கூட முகாமில இரிந்தம். தம்பி இல்ல. அம்மா ஒம்பது நாளாத் தண்ணி மட்டும்தான் குடிச்ச. அங்க நம்மட ஊர்ப் பறங்கிச் சனத்தில ஒரு தச்சனார் இரிந்தார். வீடு வாசல் எல்லாம் போயித்து. வயலின் மட்டும் கையில. ஒரு நாள் பின்னேரம் அதை நெஞ்சில வச்சி வாசிச்சார். அவங்கட கலியாண வீட்டுப் பாட்டு. ஆடுற பாட்டு. எல்லாரும் அழுதாங்க. அம்மா எழும்பி வந்து சோத்துப் பாசலத் திறந்தா. நான் போய் வயலினைக் கேட்ட நான். கை தொங்கல்ல கட்டியிரிக்கு. கை நேரானதும் வாங்க மகள், காட்டித் தாறன் எண்டார். கை நேராகவே இல்ல சேர். அவரும் இப்ப இல்ல. அதான் இஞ்ச வந்த நான்.”

சேர் எழுந்து யன்னலடிக்குப் போய் நின்றார். “மூண்டு மாசம்” என்றார். “கை வீங்கினா அண்டைக்கே நிப்பாட்டோணும். நீங்க மறைக்கப் படாது.” பிறகு என்னிடம், “நீங்க பாருங்க, ரீச்சர்” என்றார்.

முழு வயலினை வைத்தேன். மாயாமாளவகௌளை ராகத்தில்தான் எல்லோருக்கும் பாடம் தொடங்கும். அதில் ரிஷபம் கழுத்துப் பலகையின் நுனியில் இருக்கிற சுரம். கையை எவ்வளவு கொண்டுபோனாலும் அது அவளுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் நின்றது. முக்காலை வைத்தேன். எட்டியது. எனக்குச் சந்தோஷம். இரண்டு கிழமை நன்றாகப் போனது. மூன்றாவது சனிக்கிழமை அவள் நீளக் கைச் சட்டை போட்டு வந்தாள். வியர்த்துக் கொட்டும் வைகாசி மாதம்.

“எங்க நோகுது?” என்றேன்.

“எங்கயும் இல்ல ரீச்சர்.”

கையைப் பிடித்துச் சட்டையை மேலே தள்ளினேன். முழங்கை பனங்காய் மாதிரி வீங்கி இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் வயலினைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். “சேர் என்ன சொன்னவர்? மறைக்கப் படாதெண்டு சொன்னவரா இல்லையா?”

“செல்லியிருந்தா நிப்பாட்டியிரிப்பீங்க.”

“நிப்பாட்டத்தான் வேணும்!”

“அதான் செல்லல்ல” என்றாள்.

அன்றே நான் சேரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வீக்கம் வற்ற இரண்டு கிழமை விட்டு, அரை வயலினை எடுத்தேன். கை சுகமாக எட்டியது. ஆனால் அது பத்து வயதுப் பிள்ளைகளின் விரலுக்குச் செய்தது. இந்த ராகத்தில் காந்தாரமும் மத்திமமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அந்த இடத்தில் இவளுடைய இரண்டு தடித்த விரல்களுக்கும் இடமில்லை. ஒன்றை வைத்தால் மற்றது தள்ளுப்பட்டது. சத்தமும் கொசு மாதிரி. கை அரை வயலினைக் கேட்டது. விரல் முழு வயலினைக் கேட்டது. இப்படி ஒரு உடம்பை நான் அதற்கு முன் அளந்ததில்லை.

“இத பஸ்ஸில கொண்டு போகக்குள்ள, மகளுக்கா வாங்கின எண்டு கேக்கிறாங்க ரீச்சர்” என்றாள். அதைச் சிரிப்பாகச் சொல்லத்தான் பார்த்தாள்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நான் ஒரு துவாயை எடுத்து என் இடது முழங்கையை, அவளுக்கு எவ்வளவு மடிந்திருந்ததோ அவ்வளவு மடித்து இறுக்கிக் கட்டினேன். ஒற்றைக் கையால் முடிச்சுப் போட வரவில்லை. என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்தார்.

“என்னகா, கை முறிஞ்சித்தா?”

“இன்னும் இல்ல. இறுக்கிக் கட்டுங்க.”

அவர் இறுக்கிக் கட்டிவிட்டார். பாயில் அமர்ந்து அரை வயலினை வைத்தேன். இருபத்தைந்து வருடம் வாசித்த எனக்கு ஒரு சுரம் பிடிக்க முடியவில்லை. எங்கே நோகும் என்று பார்த்தேன். முழங்கை அல்ல, முதலில் கழுத்து நொந்தது. பிறகு முதுகு. அரை மணித்தியாலத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதோடு அவள் எத்தனை சனிக்கிழமை சிரித்துக்கொண்டு இருந்தாள்!

பின்னேரம் நாலு மணிபோல, நோவு தாங்காமல் வயலினின் அகன்ற பக்கத்தை நெஞ்சிலிருந்து தள்ளி, தோளின் வெளிப்பக்கமாக வைத்தேன். கை சட்டென்று இறங்கி அமைந்தது. கழுத்து நோவு போய்விட்டது. அதே நேரம் விரல்கள் நெருக்கத்தில் சலித்துப்போய், மூன்றாம் விரலையும் நாலாம் விரலையும் நான் மடக்கி வைத்திருந்ததைக் கண்டேன். இரண்டாம் விரல் காந்தாரத்தைத் தொட்டுவிட்டு, அப்படியே மத்திமத்துக்கு வழுக்கிக்கொண்டிருந்தது. இரண்டு விரலுக்குத்தான் அங்கே இடமில்லை. ஒரு விரலுக்கு இருந்தது. எங்கள் சங்கீதமே வழுக்கிப் போகிற சங்கீதம்தானே!

அடுத்த சனிக்கிழமை அவளை இருத்தி, வயலினைத் தோளோரம் தள்ளி வைத்தேன். “கடைசி ரெண்டு விரலையும் மறந்திரு” என்றேன். மெலிந்த சத்தத்துக்கு ஒரு வழி தோன்றியது. பிருடைகளை முறுக்கிச் சுருதியை ஒரு கட்டை உயர்த்தினேன். தளர்ந்து கிடந்த கம்பிகள் இறுகின. “இழு” என்றேன்.

அவள் வில்லை இழுத்தாள். இரண்டாம் விரல் காந்தாரத்திலிருந்து மத்திமத்துக்கு ஏறியது.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. சின்னப் பெட்டிதான். அத்தனை நாளும் கொசு மாதிரிக் கத்தியதுதான். இப்போது அறை முழுக்க நிறைந்தது. வலை நூலை இறுக்குகிற விரல் அல்லவா? கம்பியில் அது அழுந்திய விதமே வேறு. பக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்த மூன்று பேரும் வில்லைத் தாழ்த்தி வைத்தார்கள். தயாளினி பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

“நானா ரீச்சர்?”

“வேற ஆரு?”

மூன்று மாதத் தவணை முடிந்த அன்று சேர் வந்தார். அவளுடைய மடியில் இருந்த அரை வயலினைப் பார்த்தார். அலுமாரியில் ஒட்டியிருந்த மட்டையை ஒருமுறை பார்த்தார். “இது ஆரு குடுத்த?” என்றார்.

“நான்தான் சேர்.”

“வளர்ந்த ஆளுக்கு?”

“ஓம் சேர்.”

வீக்கத்தையும் சொன்னேன், நான் மறைத்ததையும் சொன்னேன். அவர் பாயில் அமர்ந்தார். “வாசிங்க, பிள்ளை.”

அவள் சரளி வரிசையை மூன்று காலத்திலும் வாசித்தாள். மூன்றாம் விரலை ஏன் வைக்கவில்லை என்று கேட்க அவர் வாயெடுத்ததைக் கண்டேன். கேட்கவில்லை. முடிந்ததும், “இன்னொருக்கா” என்றார். திரும்ப வாசித்தாள். “இன்னொருக்கா.” மூன்றாம் முறை அவர் கண்ணை மூடியிருந்தார்.

“எங்க நோகுது?” என்று கடைசியில் கேட்டார்.

“சேர், மெய்யா எங்கயும் இல்ல.” சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினாள். வீக்கம் இல்லை.

அவர் என் பக்கம் திரும்பி, “இத எப்பிடிக் கண்டுபிடிச்ச நீங்க?” என்றார். துவாயைப் பற்றிச் சொன்னேன். “துவாய் இரிக்கா?” என்றார்.

பகிடி என்று நினைத்தேன். அவர் சேட்டின் கையை மடித்துக்கொண்டிருந்தார். முகம் துடைக்க வைத்திருந்த துவாயால் கட்டிவிட்டேன். அறுபதை எட்டிய அந்த மனிதர், எங்கள் பள்ளியின் வயலின் பகுதியையே உண்டாக்கியவர், பாயில் அமர்ந்து அரை வயலினைத் தோளில் வைத்து ஒரு ரிஷபம் பிடிக்கப் பார்த்தார். வரவில்லை. தயாளினி மெல்ல நகர்ந்து, “சேர், இன்னும் கொஞ்சம் வெளியால தள்ளுங்க. நெஞ்சில வைக்கப் படாது” என்றாள். தள்ளி வைத்தார். இருபது நிமிடம். நெற்றியிலிருந்து வியர்வை வயலினில் விழுந்தது. ஒரே ஒரு சுரம் சரியாக வந்தது.

துவாயை அவிழ்க்கச் சொன்னார். முழங்கையைத் தேய்த்துக்கொண்டு தயாளினியைப் பார்த்தார். “மூண்டு மாசம் இப்பிடியா இரிந்த நீங்க?” என்றார். பிறகு எழுந்து போய் அலுமாரிக் கதவில் இருந்த மட்டையை நகத்தால் கிளப்பி எடுத்து, இரண்டாகக் கிழித்துச் சேட்டுப் பைக்குள், நாடாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வேறு மட்டை ஒட்டவில்லை. அவர் போன பிறகு நானும் ஒட்டவில்லை.

தயாளினி ஐந்து வருடம் படித்தாள். பரீட்சைகள் எல்லாம் அந்த அரை வயலினில்தான். ஒரு முறை பரீட்சகர் ஒருவர் சின்னப் பெட்டியைக் கண்டதும், பிள்ளைகளின் பரீட்சை பக்கத்து அறையில் என்று கை காட்டினார். அவள் அமர்ந்து வாசித்து முடித்தபோது, புள்ளி போட எடுத்த பேனையைத் திறக்காமலே அவர் வைத்திருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவில் அவள் வாசித்ததை நானே போய்க் கேட்டேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, “ஒலிபெருக்கியக் கூட்டி வச்சிட்டாங்க போல” என்றா. அன்று அந்தப் பக்கத்து ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று பள்ளியில் ஒரு சின்னப் பிரியாவிடை வைத்தார்கள். தயாளினி அரை மணித்தியாலம் சகானா ராகம் வாசித்தாள். இரண்டு விரல். மடிந்த கை. ஒரு பிள்ளையின் கைக்கு என்று யாரோ எங்கோ செய்த பெட்டி. இந்த மூன்றும் சேர்ந்து அது எப்படி வருகிறது என்று, முன்வரிசையில் அமர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வில் நின்றது.

மேடைக்கு ஏறி, முப்பது வருடமாக நான் வாசித்த என்னுடைய முழு வயலினை அவளிடம் நீட்டினேன். “இதை ஒருக்கா வாசி” என்றேன். அவளுக்கு நான் கொடுக்கக்கூடிய மரியாதை அதுதான் என்று நினைத்தேன்.

அவள் இரண்டு கையாலும் வாங்கித் தோளோரம் வைத்தாள். கை பாதிக் கழுத்துப் பலகைவரை போய் நின்றது. எட்டிய இடத்தில் மேல் ஸ்தாயியில் ஒரு வரி வாசித்தாள். அழகாகத்தான் இருந்தது. பிறகு வயலினைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்து, கவனமாக என்னிடம் திருப்பித் தந்தாள்.

“உங்கட வயலின் கொஞ்சம் பெரிசு, ரீச்சர்” என்றாள்.

சபை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள்.